மகளிடம் போகிறோம் என்று சொல்லிவிட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. கணவருக்கு எண்பத்திரண்டு. சித்திரை பிறந்து குளிர் கொஞ்சம் விட்டதும், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் வோன்மொபிலில் ஏறிப் புறப்பட்டுவிடுவோம். வோன்மொபில் என்பது கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய வண்டி. சில்லுப் பூட்டிய வீடு என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். இலை கொட்டி முடியும்வரை எங்களுக்குச் சமையல், படுக்கை, சண்டை, சமாதானம் எல்லாம் அதற்குள்தான்.

இதை எழுதும்போதே முகம் சுடுகிறது. இந்த வயதில் ஊர் சுற்றுகிறோம், அதுவும் பிடித்துப்போய்ச் சுற்றுகிறோம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கோயிலில் யாராவது, "அக்கா, கன நாளாக் காணேல்ல, எங்க போனனீங்கள்?" என்று கேட்டால், "மகளிட்டப் போயிருந்தனாங்கள்" என்பேன். மகள் டிரெஸ்டனில் இருக்கிறாள். தூரம். யாரும் அங்கே போய்ப் பார்க்கப்போவதில்லை. கேட்டவர்களுக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது. "குடுத்து வைச்சனீங்கள் அக்கா. ஒரே பிள்ளை எண்டாலும் தாய் தேப்பனை விடாத பிள்ளை" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டு கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிடுவேன்.

கணவருக்கு இது பிடிக்காது. "உமக்கு என்ன வெக்கம்? களவெடுத்தே திரியிறம்?" என்று கேட்பார். அவருக்குச் சொல்லி விளங்கவைக்க என்னால் ஏலவில்லை. எங்கள் ஆட்களிடையே வயது போனவர்கள் செய்யவேண்டியது என்று சில இருக்கின்றன. பேரப்பிள்ளையைப் பார்ப்பது, கோயிலில் மாலை கட்டுவது, முழங்கால் நோவைப் பற்றிக் கதைப்பது. நாட்டில் இவ்வளவு நடந்து, இவ்வளவு பேர் போன பிறகு, தப்பி வந்த இரண்டு கிழடுகள் ஆற்றங்கரையில் கதிரை போட்டுக் குந்தியிருந்து கோப்பி குடிக்கிறது என்றால், அதை எந்த முகத்தோடு சொல்வது?

வண்டி வந்த விதத்தைச் சொல்லவேண்டும். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். மனைவி போன பிறகும் தனியாக அந்த வண்டியில் திரிந்தவர். முழங்கால் இரண்டும் பழுதாகி, வண்டியின் படியில் ஏறமுடியாமல் போனதும் அது முற்றத்தில் நின்றபடி நின்றது. என் கணவர் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முறை வேலை செய்து ஓய்வெடுத்தவர். எஞ்சின் ஒன்று சும்மா நிற்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவரிடம் கேட்டு அதைத் திருத்தத் தொடங்கினார். ஒருநாள் அந்தக் கிழவர் சாவியை இவர் கையில் வைத்து, "நீயே ஓட்டு. நிற்பதற்காகச் செய்த சாமான் இல்லை இது" என்றாராம்.

நான் வேண்டாம் என்றுதான் நின்றேன். நான் ஆஸ்பத்திரியில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தவள். எங்களுக்கு விடுமுறை என்றால் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு. பாரிசுக்குப் போனாலும் லண்டனுக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டு நிலத்தில் பாய் போட்டுப் படுத்துவிட்டு, ஞாயிறு பின்னேரம் ஓடி வருவோம். பார்க்க என்று எங்கும் போனதில்லை. போகத் தெரியாது.

முதல் கோடையில் நான் வண்டிக்குள் இருந்து வெளியே இறங்கக் கூசினேன். வோன்மொபில்கள் வரிசையாக நிற்கும் இடங்களில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். இவர் சாரத்தோடு இறங்கி அங்குமிங்கும் நடப்பார். நான் செத்தல் மிளகாய் பொரித்த அன்று மூன்று வண்டிகளில் இருந்தவர்கள் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதைவிடக் கழிவுப் பெட்டி. வண்டிக் கழிவறைக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும், காலையில் அதை இழுத்துக்கொண்டுபோய் ஊற்றிக் கழுவிக்கொண்டு வரவேண்டும். பயணப்பெட்டி மாதிரியே கைபிடியும் சில்லும் வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொள்வார்கள், இன்றைக்கு வெயில் எறிக்குமா என்று கதைப்பார்கள். வாழ்நாள் முழுதும் பிறருடைய அழுக்குத் துணியைத் தோய்த்தவள்தான் நான். ஆனால் என் அழுக்கோடு நாலு பேருக்கு முன்னால் நிற்க எனக்குக் கால் கூசியது.

பிறகு எப்போது பிடித்துப்போனது என்று சொல்லத் தெரியவில்லை. மோசல் ஆற்றங்கரையில் ஒரு காலை, கதவைத் திறந்தேன். படிக்குக் கீழே புல், புல்லுக்குக் கீழே ஆறு. எதிரே மலை முழுதும் திராட்சைக் கொடி. நீண்ட சரக்குப் படகு ஒன்று சத்தமில்லாமல் போனது. அதன் பின்பக்கத்தில் ஒரு பெண் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு கை காட்டினாள். நானும் காட்டினேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அப்படியே நின்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் நாங்கள் இருவரும் தனித்தனி அறையில் படுத்துப் பல வருடம். அவருடைய இரவு வேலைக் காலத்தில் தொடங்கிய பழக்கம், ஓய்வெடுத்த பிறகும் மாறவில்லை. வண்டியில் ஒரே கட்டில். அகலமும் இல்லை. அவர் திரும்பினால் நானும் திரும்பவேண்டும். முதலில் அவருடைய குறட்டைக்கு ஏசினேன். பிறகு அது கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராமல் போனது. மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது, அதனால் காதுக்குக் கிட்டக் கதைப்போம். நாற்பது வயதில் செய்யாததை எண்பதில் செய்துகொண்டிருந்தோம். இதை எந்தக் கோயில் வாசலில் சொல்வேன்?

ஆகவே மகளிடம் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவது பழகிப்போயிற்று. மகளுக்கு மட்டும் நாங்கள் வண்டியில் திரிவது தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்து, "அப்பா மெதுவா ஓடுறாரோ? மருந்து முடியேல்லயோ?" என்று கேட்பாள். அவள் பெயரைச் சொல்லித்தான் திரிகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது.

போன வருடம் புரட்டாதி. மோசல் பக்கமே நின்றோம். நாள் முழுக்கத் தூறல். வண்டியில் மின்சாரம் ஏதோ பழுதாகி, இவர் காலையிலிருந்து வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே இடமில்லாததால் நான் வெளியே மரத்துக்குக் கீழே சிறிய வாயு அடுப்பை வைத்துப் பருப்பு அவித்தேன். போட்டிருந்தது இவருடைய பழைய சுவெற்றர், முழங்கையில் ஓட்டை. காலில் இவருடைய சப்பாத்து. தலைக்கு மேலே பிய்ந்த குடை ஒன்றைக் கதிரையில் கட்டி வைத்திருந்தேன். என்னை அப்போது பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது நன்றாக விளங்குகிறது.

"அம்மா, நீங்கள் தமிழோ?"

இளம் பெண் ஒருத்தி. பக்கத்தில் அவள் கணவன், இரண்டு சின்னப் பிள்ளைகள். படகுச் சவாரிக்கு வந்தவர்கள். பருப்புக்குத் தாளித்த மணம் அவர்களைக் கூப்பிட்டிருக்கிறது.

"ஓம் பிள்ளை" என்றேன்.

"எங்க வீடு?"

அவர்களுடைய கார் இலக்கத்தகட்டை அதற்குள் பார்த்துவிட்டேன். ஸ்டுட்கார்ட் கார். ஊர் பெயரைச் சொன்னால் யாரைத் தெரியும் என்று தொடங்கும். மகளிடம் போயிருப்பவர்கள் மோசலில் என்ன செய்கிறார்கள் என்று நாளைக்கே கோயிலில் கேட்பார்கள். நான் அகப்பையால் பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன். வண்டிக்குள்ளிருந்து இவர் தலையை நீட்டி, பெருமையோடு, "இதுதான் பிள்ளை எங்கட வீடு!" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் வயருக்குள் போய்விட்டார்.

அந்தப் பெண் தன் கணவனைப் பார்த்தாள். அவன் மெதுவாகக் கேட்டான்:

"பிள்ளையள் இல்லையோ அம்மா?"

"இருக்கிறா தம்பி. தூரத்தில."

"வந்து பாக்கிறவவோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கிருந்தது பிடிபட்டவளின் வெட்கம். அவர்கள் அதைக் கைவிடப்பட்டவளின் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியதை நான் கண்டேன். கண்டும் பேசாமல் நின்றேன். அவர்கள் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

போனார்கள். ஆனால் பின்னேரம் திரும்பி வந்தார்கள். இவர் குளிக்கும் இடத்துக்குப் போயிருந்தார். அவன் கையில் பெரிய பை. கிட்டவுள்ள நகரத்தில் தேடிப்பிடித்து வாங்கிய இடியப்பம், சொதி, சம்பல். ஒரு போர்வை. பிறகு காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு குளிர்க்கோட்டை எடுத்துவந்தான். திராட்சை நிறத்தில், முழங்கால் வரை நீளமான, புத்தம் புதுக் கோட்டு.

"இது காருக்குள்ளதான் கிடந்தது. போடுங்கோ அம்மா. குளிர் தொடங்கப்போகுது."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். எங்களுக்கு வீடு இருக்கிறது தம்பி, அலுமாரி நிறையக் கோட்டு இருக்கிறது, மகள் நாள்தோறும் போன் எடுக்கிறாள், ஆசைக்குத்தான் இப்படித் திரிகிறோம் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல நினைத்தேன். 'ஆசைக்கு' என்ற அந்தச் சொல்லில் வந்து நின்றுவிட்டது. பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகங்கள் அதைக் கேட்டு எப்படி மாறும் என்று நினைத்தேன். அதைவிட அவர்களுடைய பரிதாபத்தைத் தாங்குவது இலேசாக இருந்தது. அவன் கோட்டை விரித்துப் பிடித்தான். நான் கையை நுழைத்தேன். பெண் வந்து கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

"பிள்ளையளோட ஒரு படம் எடுக்கலாமோ அம்மா?"

எடுத்தார்கள். நான் சிரித்தேன். போகும்போது தங்கள் தொலைபேசி இலக்கத்தை என் போனில் பதிந்துவிட்டு, எந்த நேரமும் எடுக்கச் சொன்னார்கள்.

இவர் துவாயோடு வந்து பார்த்தபோது நான் இன்னும் கோட்டோடு நின்றேன்.

"இதென்ன?"

சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு பையைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அவை எங்களைப் பற்றி என்ன நினைச்சுக்கொண்டு போகினம் எண்டு உமக்கு விளங்குதே?"

"விளங்குது."

"விளங்கியும் வாங்கினீரோ?"

நான் கழுத்துப் பொத்தானைக் கழற்றினேன்.

"இந்த நாட்டில ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில வந்து இறங்கின நாளில, ஆரோ தந்த கோட்டோடதான் நிண்டனான். அதுக்குப் பிறகு ஒருத்தரிட்டையும் கை நீட்டேல்ல." அவர் குரல் உயரவில்லை. "எண்பத்திரண்டு வயசில என்ரை மனிசியை நான் றோட்டில விட்டிருக்கிறன் எண்டு ஒரு பெடியன் நினைச்சுக்கொண்டு போறான்."

அன்றைக்கு அவர் இடியப்பத்தைத் தொடவில்லை. மத்தியானம் அவித்த பருப்பையும் பாணையும் தின்றார். நானும் அதையே தின்றேன். கோட்டை மடித்து மேல் தட்டில் வைத்தேன். குறுகிய கட்டிலில் கோபமாகப் படுப்பது எவ்வளவு கடினம் என்று அன்று கண்டேன். விலக இடமில்லை.

மகளின் போன் ஒவ்வொரு பின்னேரமும் வழமைபோல வந்தது. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குள் அவள் காலையில் போன் எடுத்தாள். வேலை நேரத்தில் அவள் எடுப்பதில்லை. எடுத்தவுடன் ஜெர்மனில் தொடங்கினாள். கோபம் வந்தால் அப்படித்தான்.

அந்த இளம் பெண் படத்தைத் தனக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. இந்த அம்மாவையும் ஐயாவையும் பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, மழைக்குள் வாகனத்தில் சீவிக்கிறார்கள், யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், ஏதாவது செய்வோம் என்று ஒரு குரல் பதிவும் சேர்த்திருக்கிறாள். வட்ஸ்அப்பில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், எங்கள் கோயில் ஆட்களிடம் வந்திருக்கிறது. அவர்களுக்கு என் முகம் தெரியாதா? "ஐயோ, மகளிட்டப் போறன், மகளிட்டப் போறன் எண்டு சொல்லுறவ எல்லோ! மகள் கலைச்சுவிட்டிட்டாளோ?" என்று தொடங்கியிருக்கிறது. கடைசியில் அது மகளின் மாமியாரிடம் போய், அவர் மூலம் மகளிடமே வந்து சேர்ந்துவிட்டது.

"அம்மா, எனக்கு பைன்லிஷ் அம்மா" என்றாள். வெட்கக்கேடு என்று பொருள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நான் வந்து பிழையான ஜெர்மனில் கதைத்தால் சொல்லும் சொல். வளர்ந்த பிறகு அதை அவள் வாயில் நான் கேட்கவில்லை.

"வேலையில இருக்கிற எல்லா டெர்மினையும், சந்திப்பையும் தள்ளிப்போட்டிட்டு வாறன். அங்கயே நில்லுங்கோ."

சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தாள். டிரெஸ்டனிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடி வந்திருந்தாள். அவளுக்கும் ஐம்பது நெருங்குகிறது. முன்நெற்றி முடி நரைத்திருந்தது. தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். என்னைப் பார்க்காமல் வண்டிக்குள் ஏறி மேசைக்கு முன்னால் இருந்தாள். நான் தேத்தண்ணி வைத்தேன். எழுந்துவந்து என் கையிலிருந்து கேத்தலை வாங்கினாள்.

சனம் அவளைக் குறை சொன்னதற்குத்தான் ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்கு ஆயத்தமாகவும் இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"என்னட்டப் போறம் எண்டு எவ்வளவு காலமாச் சொல்லுறீங்கள்?"

"வண்டி வந்த நாளில இருந்து."

"இவ்வளவு காலத்தில என்னட்ட உண்மையா எத்தினை தரம் வந்தனீங்கள்?"

நான் யோசித்தேன். யோசிக்கவேண்டி வந்ததே பதிலாகிவிட்டது.

"என்ரை பெடியன் படிக்கப் போனாப் பிறகு அந்த அறையை உங்களுக்கெண்டு பெயின்ற் அடிச்சு வைச்சனான். அப்பாவுக்கு ஏற லேசா இருக்கட்டும் எண்டு பதிஞ்ச கட்டில். கேட்டால், பாப்பம், பாப்பம் எண்டுவியள். சரி, அவைக்கு ஊர் பாக்க ஆசை, பாக்கட்டும் எண்டு நான் வாய் திறக்கேல்ல. மாமி ஒருக்கா, உன்ரை அம்மா அப்பா எப்பவும் உன்னோடதானே எண்டு சொன்னவ. நக்கல் அடிக்கிறா எண்டு நினைச்சு அவவோட கன நாள் கதைக்காமல் இருந்தனான்." முன்நெற்றி முடியைப் பின்னால் தள்ளினாள். "என்னட்ட வாறதெண்டு சொல்ல உங்களுக்கு விருப்பம். வரத்தான் விருப்பமில்லை, என்ன?"

கணவர் வெளியே இறங்கிப் போய்விட்டார். நான் அந்த மேசையில் இருந்து என் மகளைப் பார்த்தேன். ஊருக்கு முன்னால் வெட்கப்படுவது எனக்குப் பழகியது. அதைச் சிரித்து மழுப்பலாம், கதையை மாற்றலாம். இது அப்படி இல்லை. வாசலில் நின்று கூப்பிட்ட பிள்ளையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அவளுடைய கண்ணைப் பார்க்க முடியவில்லை. மேசையில் தேத்தண்ணி சிந்திய இடத்தைத் துணியால் துடைத்தேன், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன்.

"உண்மையைச் சொல்ல வெக்கமா இருந்தது பிள்ளை."

"என்ன உண்மை?"

"எங்களுக்கு இது பிடிச்சிருக்கெண்டு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தாய்க்குப் பிள்ளை சொல்லும் குரலில் இல்லாமல், பிள்ளைக்குத் தாய் சொல்லும் குரலில், "அதை அவைக்குச் சொல்லுங்கோ. உங்கட வாயால. நான் சொல்லமாட்டன்" என்றாள்.

போனைக் கையில் தந்தாள். குரல் பதிவு செய்யப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவேண்டும். அழுத்தினேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு நின்றேன். அழித்தேன். அடுத்த தரம் மகளைப் பற்றி நல்லதாகச் சொன்னேன், வண்டியைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அதையும் அழித்தேன். இன்னொரு தரம் டாக்டர் நல்ல காற்று வேண்டும் என்று சொன்னார் என்று ஒரு புதுப் பொய் தானாக வந்தது. மகள் தலையை ஆட்டினாள். கடைசியில் இப்படிச் சொன்னேன்:

"என்ரை மகள் எங்களைக் கைவிடேல்ல. நாங்கள்தான் அவவிட்டப் போகாமல் திரிஞ்சனாங்கள். அவவிட்டப் போறன் எண்டு உங்களுக்குச் சொன்னது பொய். எனக்கும் இவருக்கும் இப்பிடித் திரியிறது சந்தோசம். அதுதான் திரியிறம். ஒருத்தரும் எங்களுக்கு இரக்கப்பட வேண்டாம்."

மகள் அதைக் கோயில் ஆட்களின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். பதில்கள் வரத் தொடங்கின. கும்பிடும் கைகள், சிரிக்கும் முகங்கள். ஒருத்தி, "வயசு போன நேரத்தில இதெல்லாம் தேவையோ அக்கா?" என்று கேட்டிருந்தாள். நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. அதைப் படித்தபோது உடம்பெல்லாம் கூசியது. ஆனால் தாங்கமுடியாத அளவுக்கு இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் கேட்ட கேள்விதான் நெஞ்சில் கிடந்தது.

அன்று அவள் வண்டியிலேயே தங்கினாள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள கட்டிலில் ஏறிப் படுத்தாள். காலையில் இறங்கி வந்து, "அப்பான்ரை குறட்டையோட எப்பிடிப் படுக்கிறீங்கள்?" என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகும்போது, மார்கழிக்கு முழு மாதமும் வந்து நிற்கவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

கோட்டு மேல் தட்டில் கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் தன்னால் வண்டி ஓட்ட ஏலாது என்று இவர் சொல்லிவிட்டார். அந்த இளம் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். அவள் என் குரல் பதிவை ஏற்கெனவே கேட்டிருந்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கவேண்டியவள் நான். அதற்கு இடமே தரவில்லை.

ஸ்டுட்கார்ட்டில் அவர்கள் இருந்த தெரு ஒடுங்கியது. எங்கள் வண்டி நுழைந்ததும் பாதித் தெரு அடைபட்டுவிட்டது. யன்னல்களில் தலைகள். அவன் படியிறங்கி ஓடிவந்து, கையைக் காட்டிக் காட்டி வண்டியை ஓரம் கட்டவைத்தான். இவர் இறங்கி அவன் கையைப் பிடித்தார்.

"தம்பி, நாங்கள் இல்லாதவை இல்லை. நீங்கள் பிழையா நினைக்கவும் இல்லை. நாங்கள் சொல்லேல்ல. அவ்வளவுதான்."

நான் கோட்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"அது உங்களுக்கெண்டு வாங்கினது இல்லை அம்மா" என்றான். "அம்மாவுக்கு வாங்கினது. வவுனியாவில இருக்கிறா. இஞ்ச கூப்பிட ரெண்டு தரம் விசாவுக்குப் போட்டனாங்கள், தரேல்ல. இப்ப அவவுக்கு விமானம் ஏற ஏலாது. பார்சல்ல அனுப்புவம் எண்டு எடுத்தால், வவுனியா வெயிலுக்குக் கோட்டு ஏன் எண்டு அவ சிரிச்சா. அப்பிடியே காருக்குள்ள கிடந்தது. உங்களைக் கண்டவுடன…"

கோட்டு என் கையில் கனத்தது. தெருவில், அத்தனை யன்னல்களுக்கு முன்னால், நான் அழுதேன்.

பிள்ளைகள் இருவரும் அதற்குள் வண்டிக்குள் ஏறிவிட்டார்கள். அந்தப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். எல்லாரும் உள்ளே நெருக்கியடித்து இருந்தோம். இவர் அவர்களுக்குத் தண்ணீர்த் தாங்கி, மின்கலம், மடித்து விரிக்கும் மேசை எல்லாம் காட்டினார். சின்னவன் கழிவுப் பெட்டியை இழுத்துப் பார்க்க, தாய் ஓடிப்போய்த் தடுத்தாள். அப்போது அந்தத் தம்பியின் போன் அடித்தது. வவுனியாவிலிருந்து அவனுடைய தாய், முகம் பார்த்துக் கதைக்க எடுத்திருந்தார்.

"அம்மா, நான் சொன்ன அந்த அம்மா இஞ்ச நிக்கிறா. கதையுங்கோ" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டான்.

மெலிந்த முகம். மூக்கில் பிராணவாயுக் குழாய். தலையணைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றியது. என்னைவிட இளையவளாகவே இருக்கவேண்டும்.

"உங்கட பிள்ளை பாக்கிறவவோ?" என்று அந்தப் பெண்மணியும் கேட்டார். மகன் முழுக்கதையையும் சொல்லியிருக்கவில்லைப் போல.

"பாக்கிறா. நல்லாப் பாக்கிறா" என்றேன். "நாங்கள்தான் ஊர் சுத்திறம்."

"ரெண்டு பேருமோ?"

"ஓம்."

"நல்லது. இருக்கேக்க சுத்துங்கோ." மூச்சு வாங்கிக்கொண்டு, "வீடு எப்பிடி இருக்கெண்டு காட்டுங்கோவன்" என்றார்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அடுப்பைக் காட்டினேன். யன்னலைக் காட்டினேன். கட்டிலைக் காட்டும்போது கை தயங்கியது, காட்டினேன். தன் மகனைப் பார்க்க விமானம் ஏற முடியாமல் போன ஒருத்திக்கு, நான் ஆசைக்கு ஏறித் திரியும் வண்டியை மூலை முடுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். தண்ணீர் எங்கேயிருந்து வரும், தேங்காய் எங்கே திருவுவீர்கள், மழைக்கு ஒழுகாதோ. ஒழுகாது, சத்தம் மட்டும் வரும் என்றேன். என் முகம் எரிந்துகொண்டிருந்ததை அவர் கண்டாரோ தெரியாது.

"அந்தக் கோட்டு உங்களுக்கு அளவோ?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவென்றே ஓடிவந்தவர். நான் பதில் சொல்வதற்குள், "போடுங்கோ பாப்பம்" என்றார் அந்தப் பெண்மணி.

போனை இவரிடம் கொடுத்துவிட்டு, அந்த ஒடுங்கிய இடத்தில் நின்றபடி கோட்டைப் போட்டேன். இவர் போனைத் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழாக என்னைக் காட்டினார். கை நீளம் சரி. தோள் சரி. எனக்கென்று தைத்த மாதிரி இருந்தது.

"திரும்புங்கோ" என்றார் போனில் அந்தத் தாய்.

திரும்பினேன்.

"நல்லா இருக்கு" என்றார். "கழட்டாதேங்கோ. அங்க குளிராம்."

இவர் அதற்குப் பிறகு கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைப் பின்னுக்கு எடுக்க அந்தத் தம்பி தெருவில் நின்று வழி சொன்னான். இவருக்குக் கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை, இரண்டு தரம் முன்னும் பின்னுமாக எடுத்தார். யன்னலில் நின்ற ஒரு ஜெர்மன் கிழவி எங்களுக்குக் கை தட்டினாள். நான் கோட்டோடு முன் இருக்கையில் இருந்தேன். உள்ளே வெக்கையாக இருந்தது, வியர்த்துக் கொட்டியது. வீடு போய்ச் சேரும்வரை நான் அதைக் கழற்றவில்லை.